ஜூலை 5: எல்லவில் ஒரு ஸ்பானியப் பெயரடை செய்த வேலை

'ஃபேச்சா தெஃபினிதிவா: 5 தே ஹூலியோ.' இலங்கை மலைநாட்டில் எல்லவுக்குப் பக்கத்திலுள்ள பண்டாரவளையிலிருந்து ஸ்பெயினுக்கு வாட்ஸ்அப்பில் போன வரி இது. எழுதியவர் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்யும் ஒரு தம்பி. வாசித்தவர்கள் ஆறு பேர் கொண்ட ஒரு குழு. வருவதா இல்லையா என்று முடிவு சொல்லி முற்பணம் அனுப்ப ஜூலை 5தான் கடைசி நாள் என்பது எழுதியவர் நினைத்தது. பயணம் ஜூலை 5 அன்று தொடங்குகிறது, இனி மாற்றம் இல்லை என்பது வாசித்தவர்கள் விளங்கிக்கொண்டது. அவர்கள் விமான டிக்கட்டே எடுத்துவிட்டார்கள். அவர்கள் தங்க வேண்டிய எல்லவில் அறைகள் 19ஆம் திகதிக்குப் பிறகுதான் காலியாகும்.

அந்த வரியில் எழுத்துப்பிழை இல்லை. ஃபேச்சா, அதாவது திகதி, ஸ்பானியத்தில் பெண்பால் சொல். அதற்குத் தக்கபடி தெஃபினிதிவோ என்பதை தெஃபினிதிவா என்று மாற்றித்தான் எழுதியிருக்கிறார். அகராதியைப் புரட்டினாலும் 'இறுதியான' என்ற பொருள் அங்கே இருக்கும். ஆக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரி, சேர்த்து வாசித்தால் பிழை. இப்படிப்பட்ட பிழைகளைத்தான் வகுப்பில் பிடிப்பது கஷ்டம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வழிகாட்டியும் அறை கொடுக்கும் அக்காவும் பெயர் போடாமல் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள்.

நடந்தது

தம்பி பண்டாரவளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் சரளம். ஸ்பானியத்தைப் பாதி கைத்தொலைபேசியிலும் பாதி வந்துபோகும் பயணிகளிடமும் பிடித்துக்கொண்டார். ஜூலை, ஆகஸ்டில் எல்லப் பக்கம் ஸ்பானியப் பேச்சு நன்றாகக் காதில் விழும். அவர்கள் நாட்டில் பள்ளி விடுமுறையும் வேலை விடுமுறையும் ஒன்றாக வரும் காலம் அது. ஆங்கிலத்தில் விலை பேசும் வழிகாட்டிகள் நிறையப் பேர் இருக்கும் இடத்தில், ஸ்பானியத்தில் நாலு வரி எழுதத் தெரிந்தவருக்கு வேலை தேடி வரும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நான் மாலையில் நடத்தும் ஸ்பானிய வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும்தான்.

குழுவின் சார்பில் எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஜூலையில் எந்த இரண்டு வாரமானாலும் சரி என்று கேட்டிருந்தார். தம்பி பன்னிரண்டு நாள் திட்டம் ஒன்றை அனுப்பினார். அதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று இருந்ததே தவிர திகதி எதுவும் இல்லை. '19க்குப் பிறகுதான் ரூம் இருக்கு' என்று அக்கா சொன்னது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. திட்டத்துக்குக் கீழே, விலைக்கு மேலே, தனி வரியாக அந்த ஃபேச்சா தெஃபினிதிவா.

பதில் வந்தது: 'பெர்ஃபெக்தோ. எல் 5, என்தோன்ஸெஸ்.' அருமை, அப்படியானால் 5ஆம் திகதி. 5ஆம் திகதிக்குள் பணம் கட்டிவிடுகிறோம் என்கிறார்கள் என்று தம்பி எடுத்துக்கொண்டார். இரண்டொரு நாளில் முற்பணமும் வந்துவிட்டது. அதுதான் வினை. பணம் வராமல் இருந்திருந்தால் அவர் மறுபடி கேட்டிருப்பார், அங்கேயே விஷயம் வெளிவந்திருக்கும். பணம் வந்ததால் இரண்டு பக்கமும் தாங்கள் விளங்கியதே சரி என்று நிம்மதியாக இருந்தார்கள். ஆசிரியை விமான டிக்கட்டின் பிரதியை அனுப்பி, 5ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாகனம் வருமா என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

சமாளித்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5ஆம் திகதி தம்பிக்கு வேறொரு குழு இருந்ததால் அவருடைய பெரியப்பா மகன் வாகனத்தோடு போனார். எல்லவில் அறை கிடைக்கவில்லை. பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் தங்கவைத்து, எல்லவைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி ஏற்பாடு செய்தார்கள். ஜூலை என்பதால் ஒரு வகையில் நல்லதாகவே போயிற்று. தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஊவாப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். குழு கோபப்படவில்லை. ஆனால் எல்லவில் விடிகாலைப் பனியைப் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்க்காமல் போனார்கள். அக்காவுக்கும் 19க்குப் பிறகு ஒதுக்கி வைத்த மூன்று அறைகளில் இரண்டு சும்மா கிடந்தன.

ஏன் அந்தச் சொல்

முதலில் 'ஃபேச்சா ஃபினால்' என்று எழுதிவிட்டு, அழித்துவிட்டுத்தான் தெஃபினிதிவா போட்டாராம். காரணம் கேட்டேன். "ஃபினால்னா கொஞ்சம் லேசா இருக்கு சேர். தெஃபினிதிவான்னா கண்டிப்பா இருக்கும்னு நெனச்சேன். அந்தத் திகதியத் தாண்டக் கூடாதில்லயா?"

இந்த ஒரு பதிலில் முழு வழக்கும் இருக்கிறது. முடிவைக் குறிக்கும் ஸ்பானியப் பெயரடைகளை அவர் ஓர் ஏணியில் அடுக்கி வைத்திருந்தார். கீழ்ப்படியில் உல்திமோ, அதற்கு மேல் ஃபினால், உச்சியில் தெஃபினிதிவோ. கண்டிப்பு எவ்வளவு வேண்டுமோ அந்தப் படியில் உள்ள சொல்லை எடுத்துப் போட்டால் சரி என்பது கணக்கு. என் வகுப்பில் இப்படி நினைக்காதவர்கள் குறைவு. பாடப்புத்தகங்களும் இந்தச் சொற்களை ஒரே வரியில் ஒத்த சொற்களாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றன.

உண்மையில் அவை ஒரே ஏணியில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரி வேறு. உல்திமோவின் எதிரில் நிற்பது அதற்கு முன்னால் வரிசையில் வந்தவை. ஃபினாலின் எதிரில் நிற்பது தொடக்கமும் நடுக்கட்டங்களும். தெஃபினிதிவோவின் எதிரில் நிற்பது ப்ரொவிஸியொனால், அதாவது தற்காலிகமாகப் போட்டு வைத்தது. எதைத் தேர்வது என்று குழம்பும்போது 'எது பலமானது' என்று கேட்கக் கூடாது. 'நான் எதை இல்லை என்கிறேன்' என்று கேட்க வேண்டும்.

திகதியோடு சேர்த்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஃபேச்சா தெஃபினிதிவா என்றால், இதுவரை உத்தேசமாக இருந்த நாள் இப்போது உறுதியாகிவிட்டது என்று பொருள். கல்யாண நாள் குறித்தாயிற்று என்பது போல. ஃபேச்சா ஃபினால் என்றால் ஒரு காலப்பகுதியின் முடிவு நாள், அதன் மறுமுனை ஃபேச்சா இனிஸியால். உல்திமா ஃபேச்சா என்றால் பல நாட்கள் கொண்ட வரிசையில் கடைசி நாள். ஒரு பாடகர் பல ஊர்களில் கச்சேரி வைத்தால் அவற்றில் கடைசிக் கச்சேரியின் நாள். தம்பிக்குத் தேவைப்பட்டது இந்த மூன்றில் எதுவும் இல்லை. அதற்கு ஸ்பானியர் சொல்வது ஃபேச்சா லீமித்தே, எல்லை நாள். அங்கே 'எல்லை' என்ற பெயர்ச்சொல்லே பெயரடையின் வேலையைச் செய்கிறது. முடிவைக் குறிக்கும் பெயரடை எதுவும் அங்கே வரவில்லை.

நமக்கு வரும் சிக்கல் என்னவென்றால், இலங்கைத் தமிழில் 'இறுதித் திகதி' என்றாலே எல்லோருக்கும் எல்லை நாள்தான். விண்ணப்பப் படிவங்களில் 'விண்ணப்ப முடிவுத் திகதி' என்றும் 'இறுதித் திகதி' என்றும் பார்த்துப் பழகிய கண். அந்தப் பழக்கத்தோடு 'இறுதி'யை எடுத்து ஸ்பானியத்தில் தேடினால் எல்லை நாள் கிடைக்காது. தம்பியின் பிழை சோம்பலால் வந்ததல்ல. நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்த் தொடர் கையைப் பிடித்து இழுத்துப் போனதால் வந்தது.

சில இடங்களில் தமிழே காப்பாற்றும்

மேலே சொன்னதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தமிழுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். தம்பி பயணிகளுக்கு அனுப்பும் திட்டத் தாளில் இன்னொரு வரி: 'லா உல்திமா செமானா வந்த குழு' என்று ஒரு படத்துக்குக் கீழே. அவர் சொல்ல வந்தது போன வாரம் வந்த குழு. தமிழில் 'போன வாரம்' வேறு, 'கடைசி வாரம்' வேறு. எந்தக் குழந்தையும் மாற்றிச் சொல்லாது. ஸ்பானியத்திலும் அப்படியே: போன வாரம் லா செமானா பசாதா, போன வருஷம் எல் ஆன்யோ பசாதோ. ஆனால் தம்பி தமிழிலிருந்து நேரே போகாமல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் பசாதா இருக்க வேண்டிய இடத்தில் உல்திமா வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது மொழியைக் கற்கும்போது இரண்டாவது மொழியை நடுவில் நிறுத்தாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

உல்திமோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் குறும்புக்காரச் சொல் அதுதான். வரிசையில் கடைசி என்பதால், இதுவரை வந்தவற்றில் கடைசி, அதாவது ஆகப் புதியது என்றும் ஆகும். உல்திமாஸ் நோதிஸியாஸ் என்றால் சூடான செய்திகள். ஓர் எழுத்தாளரின் உல்திமா நொவேலா என்று வந்தால், அவர் உயிரோடு இருந்தால் அண்மைய நாவல், இறந்துவிட்டால் கடைசி நாவல். சொல்லை வைத்துத் தீர்க்க முடியாது, ஆளை விசாரிக்க வேண்டும். உல்திமாமேந்தே என்றால் 'கடைசியாக' இல்லை, 'சமீப காலமாக'. கடைசியாக ஒன்று சொல்கிறேன் என்றால் போர் உல்திமோ. அப்பாடா ஒரு வழியாக வந்துவிட்டது என்றால் போர் ஃபின். எஸ்தார் என் லாஸ் உல்திமாஸ் என்றால் ஆள் இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கடைசித் தொடரை வகுப்பில் சொன்னால் எல்லோருக்கும் உடனே மனதில் நின்றுவிடுகிறது, மற்றதெல்லாம் நிற்கவில்லை.

தாளில் 'எல் த்ரென் ஃபினால்' என்றும் ஒன்று இருந்தது. எல்லவிலிருந்து பின்னேரம் புறப்படும் கடைசிக் கோச்சியை, அதாவது ரயிலை, சொல்கிறார். அது எல் உல்திமோ த்ரென் என்றுதான் வர வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு ஓடும் கோச்சிகளின் வரிசையில் அது கடைசி. பாதை முடியும் நிலையத்துக்கு வேறு சொல்லும் உண்டு. மலைநாட்டுப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டி, 1924இல் பதுளையில் முடிந்தது. எல்லவுக்குப் பிறகு தெமோதரை, ஹாலி எல எல்லாம் தாண்டித்தான் பதுளை. பயணிகள் எண்ணிக்கொண்டு வரும்போது பதுளை அவர்களுக்கு லா உல்திமா எஸ்தாஸியோன், கடைசியாக வரும் நிலையம். பாதையின் அமைப்பைப் பற்றிப் பேசினால் எஸ்தாஸியோன் தெர்மினால். இரண்டும் சரி, பார்க்கிற இடம்தான் வேறு. தெர்மினால் என்ற அதே சொல் நோயாளியோடு சேர்ந்தால் பிழைக்க வழியில்லாதவர் என்றாகும். அதனால் அதை ஆட்களோடு சேர்த்து விளையாட வேண்டாம்.

சொல் நிற்கும் இடமும் முக்கியம். உல்திமோ வழக்கமாகப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். ஃபினாலும் தெஃபினிதிவோவும் பின்னால். தமிழில் பெயரடை எப்போதும் முன்னால்தான் என்பதால் நம் ஆட்கள் 'ஃபினால் தெஸிஸியோன்' என்று எழுதிவிடுகிறார்கள். தெஸிஸியோன் ஃபினால், இறுதி முடிவு, என்று திருப்பிப் போட வேண்டும். இதில் பொருள் மாறிப்போவதில்லை, ஆனால் உடனே வெளியூர்க்காரர் எழுதியது என்று தெரிந்துவிடும்.

விலைப் பிரச்சினை

ஜூலைக் குழுவுக்கு முன்னரே தம்பிக்கு ஒரு ஸ்பானியத் தம்பதியோடு சண்டை நடந்திருக்கிறது. அதைத் தனிச் சம்பவம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்த பிறகு இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. விலைக்குப் பக்கத்தில் 'ப்ரேஸியோ ஃபினால்' என்று போட்டிருந்தார். இனிப் பேரம் பேச வேண்டாம் என்பது அவர் கருத்து. சந்தையில் 'கடைசி விலை சொல்லுங்க அண்ணே' என்று கேட்டால் வருமே, அந்த விலை. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்கா வாசலில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தைத் தனியாகக் கேட்டபோது அந்தத் தம்பதி மறுத்துவிட்டார்கள். ப்ரேஸியோ ஃபினால் என்று எழுதியிருக்கிறீர்களே, இதற்கு மேல் என்ன என்றார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஸ்பெயினில் அந்தத் தொடருக்குப் பேரத்தோடு சம்பந்தமில்லை. வரிகள், கட்டணங்கள் எல்லாம் கூட்டிக் கடைசியில் வாடிக்கையாளர் கையிலிருந்து போகும் தொகைதான் ப்ரேஸியோ ஃபினால். அங்கே 2007இல் தொகுக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே, விளம்பரத்தில் வரி உட்பட முழு இறுதி விலையைக் காட்ட வேண்டும் என்று இதே சொல்லால் சொல்கிறது. ஃபினாலின் எதிரி இங்கேயும் அதேதான்: நடுக்கட்டங்கள். வரி சேர்க்காத விலை, கட்டணம் சேர்க்காத விலை எல்லாம் நடுக்கட்டம், அவற்றையெல்லாம் தாண்டி வந்தது ஃபினால்.

அப்படியானால் பேரத்தின் கடைசி விலைக்கு? எல் உல்திமோ ப்ரேஸியோ என்று கேட்பது ஸ்பானியச் சந்தைகளிலும் உண்டு. சொன்ன விலை, குறைத்த விலை, இன்னும் குறைத்த விலை என்ற வரிசையில் கடைசி. ஆனால் அச்சடித்த தாளில் அதைப் போட்டால் சந்தை வாசம் அடிக்கும், 'இன்னும் கொஞ்சம் குறையுமா' என்று கேட்கத் தூண்டும். தம்பியிடம் ப்ரேஸியோ ஃபிஹோ என்று போடச் சொன்னேன், நிலையான விலை. அதற்குக் கீழே என்னென்ன சேரும், என்னென்ன சேராது என்று இரண்டு வரி. பெயரடையால் செய்ய முடியாததை அந்த இரண்டு வரி செய்யும்.

முற்பணத்தோடும் இதே கதை. 'அந்திஸிபோ தெஃபினிதிவோ' என்று எழுதி, திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். தெஃபினிதிவோ பணத்தைத் திருப்புவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்திஸிபோ நோ ரெஎம்போல்சாப்லே என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மீதிப் பணத்துக்கு அவர் போட்டிருந்த 'பாகோ ஃபினால்' பிழையில்லை, ஆனாலும் எல் ரெஸ்தோ, மிச்சம், என்பது போதும். இரண்டே தவணைக்கு இறுதி, கடைசி என்றெல்லாம் எதற்கு?

தெஃபினிதிவோதான் உச்சமா

வகுப்பில் இந்தத் தாளை வைத்துப் பேசியபோது ஹட்டனிலிருந்து வரும் ஒரு மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. எதிரி யாராக இருந்தாலும் தெஃபினிதிவோதானே எல்லாவற்றிலும் அழுத்தமானது, அதற்கு மேல் ஒன்றும் இல்லையே என்றார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் நீதிமன்றத்தில் இருக்கிறது.

ஸ்பெயினின் 2000ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டம், 207ஆம் பிரிவில் இரண்டு வகைத் தீர்மானங்களைப் பிரிக்கிறது. முதல் நீதிமன்றத்தில் வழக்கை முடிக்கும் தீர்மானமும், அதன் மேலான மேன்முறையீட்டைத் தீர்க்கும் தீர்மானமும் தெஃபினிதிவா. மேற்கொண்டு முறையீடு செய்யவே வழியில்லாதது ஃபீர்மே. அதாவது ஒரு தீர்ப்பு தெஃபினிதிவாவாக இருந்தும் அதை எதிர்த்து மேலே போகலாம்! சிலியின் குடியியல் நடைமுறைக் கோவையிலும் சென்தென்ஸியா தெஃபினிதிவா என்பது அந்த நீதிமன்றக் கட்டத்தை முடித்து, வழக்குக்குரிய விஷயத்தைத் தீர்ப்பதுதான். மாற்றவே முடியாத நிலைக்கு அங்கேயும் வேறு சொற்கள்: ஃபீர்மே, எஹெகுதோரியாதா. மாணவியின் ஏணி இங்கே உடைகிறது. தெஃபினிதிவோ எதிர்ப்பது இடைக்கால உத்தரவை. முறையீட்டை எதிர்ப்பது ஃபீர்மேயின் வேலை.

அவருக்கு இது சட்டென்று பிடிபட்டதற்கு நம் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு உதவியது. பெறுபேறு வந்தாயிற்று, ஆனாலும் மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்பெயினில் அரசாங்க வேலைப் பரீட்சைகளுக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியலும் இரண்டு தரம் வரும். முதலில் லிஸ்தா ப்ரொவிஸியொனால், குறைகளைத் திருத்த அவகாசம், பிறகு லிஸ்தா தெஃபினிதிவா. அங்கே படித்து வளர்ந்த ஓர் ஆசிரியை 'தெஃபினிதிவா' என்ற சொல்லைத் திகதிக்குப் பக்கத்தில் பார்த்தால் அவர் மனம் எங்கே போகும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். நேரே 'உறுதியாகிவிட்டது, டிக்கட் எடுக்கலாம்' என்பதற்குத்தான் போகும்.

மற்றச் சொற்களை இந்தத் தாளுக்குத் தேவையான அளவு மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். இர்ரெவொகாப்லே எதிர்ப்பது, கொடுத்ததைத் திரும்பப் பெறுவதை. பதவி விலகல் கடிதத்தில் வரும், எல்.சி. என்று வங்கிகளில் சொல்லும் நாணயக் கடிதத்திலும் வரும். கொழும்பிலிருந்து சிலிக்குத் தேயிலை ஏற்றும் அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சொல் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். கொன்க்லுயேந்தே எதிர்ப்பது சந்தேகத்தை, சாட்சியத்தோடு சேரும். தெஸிஸிவோ முடிவைச் சொல்வதே இல்லை, முடிவைத் திருப்பிப் போடும் தருணத்தைச் சொல்கிறது. போட்டியின் நடுவில் விழுந்த கோலும் தெஸிஸிவோ ஆகலாம். 'கடைசி' என்றே பொருள்படும் போஸ்த்ரேரோவை இலக்கியத்துக்கு விட்டுவிடலாம்.

தெர்மினாந்தே தம்பிக்குத் தேவைப்பட்டது. ஹோட்டன் சமவெளிக்குள் பொலித்தீன் கொண்டுபோக விட மாட்டார்கள், வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். அதற்கு அவர் 'தெஃபினிதிவாமேந்தே ப்ரொஇபீதோ' என்று எழுதியிருந்தார். தற்காலிகத் தடை நிரந்தரத் தடையாகிவிட்டது போன்ற ஒரு வாசிப்பு அதில் வரும். விதிவிலக்குக்கும் வாதத்துக்கும் இடமில்லை என்பதைச் சொல்வது தெர்மினாந்தே. கெதா தெர்மினாந்தெமேந்தே ப்ரொஇபீதோ என்பது ஸ்பெயினில் அறிவிப்புப் பலகைகளில் சாதாரணமாகக் காணும் வாசகம். ஆனால் காசு கொடுத்து வரும் விருந்தாளிக்கு அனுப்பும் தாளில் அவ்வளவு விறைப்பு வேண்டுமா? நோ செ பெர்மிதே, அனுமதி இல்லை, என்று போட்டாலே பையிலிருந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். நான் அதைத்தான் சிபாரிசு செய்தேன். தம்பிக்குப் பலகை வாசகம்தான் பிடித்திருந்தது, அதையே வைத்துக்கொண்டார். சரி, தாள் அவருடையது.

திருத்திய தாள்

பயணத் திட்டத்தின் தலைப்பில் நாங்கள் ஒரு மணி நேரமாவது மாட்டிக்கொண்டோம். ப்ரொக்ராமா ஃபினால், ப்ரொக்ராமா தெஃபினிதிவோ இரண்டையும் ஸ்பானியர்கள் எழுதுகிறார்கள். வரைவுகள் பலவற்றுக்குப் பிறகு வந்தது என்று பார்த்தால் ஃபினால். முதலில் அனுப்பிய உத்தேசத் திட்டத்துக்குப் பதிலாக வருவது என்று பார்த்தால் தெஃபினிதிவோ. பொருள் நெருங்கிவரும் இடங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எதிரியைத் தேடும் என் வழியும் இங்கே உதவவில்லை. கடைசியில் மொழி தீர்க்காததை ஊர் தீர்த்தது. மழைக்கு மண் சரிந்து கோச்சி நிற்கும் மலையில், எந்தத் திட்டத்தையும் மாறாதது என்று எழுதிக் கொடுப்பது புத்தியில்லை. ப்ரொக்ராமா ப்ரெவிஸ்தோ, திட்டமிட்டபடி, என்று போட்டோம்.

அதற்குக் கீழே ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: வானிலை மோசமானால் பாதையை மாற்றுவதா என்பதில் லா உல்திமா பலாப்ரா வழிகாட்டிக்கு. ஸ்பானியத்தில் 'கடைசி வார்த்தையை வைத்திருப்பவர்' என்றால் முடிவெடுக்கும் உரிமை உள்ளவர். தெஸிஸியோன் ஃபினால் என்றும் எழுதியிருக்கலாம். ஆனால் முந்தியது கொஞ்சம் இணக்கமாகப் படுகிறது. எல்லோரும் பேசலாம், அப்புறம் அவர் பேசுவார் என்ற தொனி அதில் இருக்கிறது.

முக்கியமான திகதி வரிக்கு வருவோம். ஃபேச்சா லீமித்தே என்று பெயரடையை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வேலையை முடித்திருக்கலாம். எனக்குத் திருப்தி இல்லை. பழைய வரியை மறுபடி வாசித்தபோது, பாதிக் குற்றம் பெயரடையிலும் பாதிக் குற்றம் பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லிலும் இருப்பதாகப் பட்டது. திகதி என்றால் எதற்கான திகதி? வருகைக்கா, பணத்துக்கா? அதைச் சொல்லியிருந்தால், தெஃபினிதிவா என்று பிழையாகவே போட்டிருந்தாலும் ஆசிரியை டிக்கட் எடுத்திருக்க மாட்டார். மொழி கற்பவர்கள் சரியான பெயரடையைத் தேடும் ஆர்வத்தில், அது எதைத் தழுவி நிற்க வேண்டுமோ அந்தப் பெயர்ச்சொல்லைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே இப்போது தாளில் இரண்டு வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஃபேச்சா தே யெகாதா, வருகைத் திகதி. ஃபேச்சா லீமித்தே தே பாகோ, பணம் கட்ட எல்லை நாள். முதலாவது வரி உறுதியாகும் வரை அதன் பக்கத்தில் ப்ரொவிஸியொனால் என்று நிற்கும். அக்கா அறையை உறுதிசெய்த பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு தெஃபினிதிவா போட வேண்டும். அந்தச் சொல்லுக்கு உரிய இடம் அதுதான்.

ஆகஸ்ட் குழுவுக்கு இந்தத் தாள்தான் போனது. பணம் கட்டும் எல்லை நாளுக்கு இரண்டு நாள் முன்னால், வங்கி விடுமுறை வருகிறது, நாள் இரண்டு தள்ளிக் கட்டலாமா என்று கேட்டு எழுதினார்கள். தம்பி அக்காவிடம் கேட்டார், அக்கா சரி என்றார்.